தன் தப்பை எழுதி வைக்கிறவன்

அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அவனுக்கு விளம்பரமாகிவிடும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். நாற்பதை நெருங்கிய ஆள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன். எதற்குத் திரும்பி வந்தாய் என்று ஒரு தடவை கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “அங்க நான் செஞ்சது யாருக்குப் போச்சுன்னே தெரியலங்கய்யா” என்றான். கேட்ட கேள்விக்கு இதுவா பதில்? எதைக் கேட்டாலும் அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் அவனுக்கு வாய் திறக்காது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. படித்தவர்கள் பத்துப் பேர் இன்றைக்கு என்னிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். கத்தரி நாற்றை ஈரச்சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியிருக்கிற அத்தனை ஊருக்கும் மிதித்தவன் நான். குழித்தட்டில், தேங்காய் நார்த்தூளில் நாற்று வளர்த்தால் வேர் அறுபடாது என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் இன்றைக்கு என் நிழல்வலைக் குடிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். நத்தம் வரைக்கும் என் நாற்று போகிறது. நாற்றைக் கையில் எடுத்து வேரைப் பார்த்தாலே இது எத்தனை நாள் நாற்று என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் கூடத் தப்பாது.

இந்த அளவுக்கு வந்தவனுக்கு வெப்சைட் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். என் மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். போனில் ஆர்டர் சொல்கிறவர்கள் ரகத்தை மாற்றிச் சொல்கிறார்கள், எழுதுகிறவர்கள் மாற்றி எழுதுகிறார்கள், எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகட்டும் என்றாள். அவள்தான் அவனைக் கூட்டி வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சர்க்கரை இல்லாத டீ கேட்டான். குடிலுக்குள் அரைநாள் சும்மா சுற்றினான். வேலை செய்கிற பெண்களிடம் போய் எதற்கு இந்தத் தட்டைத் தனியாக வைத்தீர்கள், எதற்கு இந்தச் சீட்டு என்று விசாரித்தான். வெப்சைட் செய்ய வந்தவன் எதற்கு நாற்று எண்ணுகிறான் என்று அப்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

முதல் தகராறு முதல் பக்கத்திலேயே வந்தது. ‘தென்னிந்தியாவின் முதல்தர நாற்றுப் பண்ணை’ என்று போடச் சொன்னேன். சரிங்கய்யா என்றான். அடுத்த வாரம் காட்டும்போது அந்த வரி இல்லை. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று கிடைக்கும், மிளகாய்க்கு நாற்பது நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஏனப்பா என்றேன். முதல்தரம் என்று யார் சொன்னார்கள், அதை எங்கே பார்க்கலாம் என்று என்னையே திருப்பிக் கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன். அப்படியென்றால் ‘எங்கள் முதலாளி சொல்கிறார்’ என்று சேர்த்துப் போடலாமா என்றான். கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவன் உண்மையாகவே கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் கோபமாக வந்தது. கிண்டல் செய்கிறவனையாவது திருப்பி அடிக்கலாம்.

கடைசியில் மகள் நடுவில் புகுந்து, ‘முப்பது வருடமாக நாற்றுத் தொழில்’ என்று போட வைத்தாள். அதற்கும் எந்த வருடம் தொடங்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் போட்டான்.

பிறகு வெப்சைட் ஓட ஆரம்பித்தது. ஓடியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். விவசாயி போனில் திறந்து, ரகத்தைத் தொட்டு, எத்தனை நாற்று, எந்தத் தேதி என்று போட்டால் எனக்கு வந்து சேரும். மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் அது நின்றுபோனது. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சாயங்காலம் தாடிக்கொம்பிலிருந்து ஒரு பழைய வாடிக்கைக்காரர் போன் போட்டு, என்ன அண்ணே, உங்கள் வெப்சைட்டில் யாரோ மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்தார். திறந்து பார்த்தால் ‘என்ன நடந்தது’ என்று தனியாக ஒரு பக்கம். அதில் இன்று காலை எட்டரை முதல் பதினொன்றே முக்கால் வரை ஆர்டர் பதிவாகவில்லை, வெப்சைட்டுக்குள் இருந்த ஒரு பழைய மென்பொருள் கருவியை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டேன், முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, தவறு என்னுடையது, அந்த நேரத்தில் முயன்றவர்கள் மறுபடி பதிவு செய்யுங்கள் என்று எழுதி, கீழே அவன் பெயர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்கு முன்னால் நின்று, நான் தப்புச் செய்துவிட்டேன் என்று தமுக்கடிப்பானா ஒருவன்? மறுநாள் வரச் சொல்லி நிற்க வைத்துக் கேட்டேன்.

“ஏப்பா, சர்ச்சுல போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்கள்ல, அதோட நிறுத்திக்கிறது. என் கடை வாசல்ல எதுக்கு எழுதி ஒட்டுற?”

அவன் குடும்பம் வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுக்க மாட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தான்.

“அங்க சொல்றது எனக்குங்கய்யா. இது காலையில ஆர்டர் போட்டவருக்கு. போட்டாச்சுன்னு நெனச்சுக்கிட்டு அவரு நடவுக்கு வயல்ல பாரு கட்டிக்கிட்டு இருப்பாருல்ல.”

எடுத்துவிடு என்றேன். மகள் வேண்டாம் என்றாள். பக்கம் அப்படியே இருந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அதில் ஏறிக்கொண்டே இருந்தது. தேதி காட்டுகிற கட்டம் சில போனில் இங்கிலீஷில் வந்தது, நான் கவனிக்கவில்லை. படங்கள் பெரிதாக இருந்ததால் மெதுவான நெட்டில் திறக்கவில்லை, என் அறையில் நல்ல நெட் இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. இப்படி எல்லாவற்றுக்கும் நேரம், காரணம், கீழே பெயர். சிலர் நாற்று வாங்க வந்த இடத்தில் அதைப் படித்துவிட்டு அவனைப் பாராட்டினார்கள். என் நாற்றைப் பாராட்டாமல் அவன் தப்பைப் பாராட்டினார்கள்.

அவன் பேச்சும் அப்படித்தான் இருக்கும். வாய் ஓயாமல் பேசுகிறவன் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் கருவிகளைப் பற்றி ஆரம்பித்தால் செத்த நேரத்தில் நிறுத்த மாட்டான். உங்கள் வெப்சைட்டில் இருக்கிற அந்த ஒரு பட்டன் இருக்கிறதே, அதற்குள் யாரோ எங்கேயோ எழுதி சும்மா கொடுத்த புரோகிராம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்பான். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு தன்னுடையதை எடுத்துவிட்டால் இங்கே மிளகாய் ஆர்டர் நிற்கும் என்பான். அப்படியென்றால் எதற்கு அடுத்தவன் பொருளை வைத்து வீடு கட்டுகிறாய் என்று கேட்டால், நீங்கள் விதையை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பான். வாரத்துக்கு ஒரு புதுக் கருவி வருகிறதாம், வருகிறவன் எல்லாம் இதுதான் கடைசிக் கருவி என்கிறானாம். கேட்டதைத் தானே எழுதித் தருகிற மெஷின் வந்திருக்கிறது என்றும் ஒருநாள் காட்டினான். நீ வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று நான் சிரித்தேன். அது எழுதுகிறது ஐயா, ஆனால் தப்பாகப் போனால் அதனால் கையெழுத்துப் போட முடியாது என்றான். எப்போது பார்த்தாலும் அவனுக்குக் கையெழுத்து.

நல்ல போனை வைத்துக்கொண்டு, கீறல் விழுந்த ஒரு பழைய மட்டமான போனையும் பையில் வைத்திருப்பான். வெப்சைட்டில் எதை மாற்றினாலும் அந்த மட்டமான போனை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் வயல் வரப்பில் போய் நிற்பான். விவசாயி அங்கே நின்றுதான் பார்க்கிறார், வெயிலில் எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பான். வேலை செய்கிற பெண்கள் அவனைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். அவன் வரப்பிலிருந்தே அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெப்சைட்டில் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. நெட் மெதுவாக இருந்தால் விவசாயி பட்டனை அமுக்கிவிட்டு, ஆர்டர் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தடவை அமுக்குவார். எனக்கு இரண்டு ஆர்டர் வரும். நானும் இரண்டு பங்கு விதை போடுவேன். எடுக்கிற அன்றைக்கு, நான் ஒன்றுதானே சொன்னேன் என்பார். மிச்ச நாற்று நாள் கடந்து மஞ்சள் பூத்துக் குப்பைக்குப் போகும். வளர்த்த நாற்றைக் குப்பையில் கொட்டுகிற வலி இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். ஒன்றுபோல இருக்கிற ஆர்டரை மெஷினே கண்டுபிடித்து அழித்துவிட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். ஒரு நிமிட வேலை என்று எனக்கே தெரியும்.

அவன் மாட்டேன் என்றான். கண்டுபிடிக்க மெஷினால் முடியும், அழிக்கிற முடிவு மனுஷனுடையதாக இருக்கட்டும் என்றான். ஒருவாரம் எடுத்துக்கொண்டு ஒரு திரை செய்து வந்தான். ஒன்றுபோல இருக்கிற ஆர்டர்கள் அதில் வரிசையாக வரும். பக்கத்திலேயே விவசாயியின் போன் நம்பர். அதற்குக் கீழே ‘பேசினேன்’ என்று ஒரு சின்னக் கட்டம். போன் போட்டுப் பேசிவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போட்டால்தான் ‘இரண்டும் ஒன்றே’ என்கிற பட்டன் வேலை செய்யும். அமுக்கினால் ஒன்று போய்விடும். இந்த வேலையை நானே செய்கிறேன் என்று என் பெயரில் வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பத்துக்கு ஒன்பது பேர், ஆமாண்ணே, தெரியாமல் இரண்டு தடவை அமுக்கிவிட்டேன் என்பார்கள். பத்தாவது ஆள் போனை எடுக்க மாட்டார். அப்புறம் அப்புறம் எனக்கே பார்த்தால் தெரிய ஆரம்பித்தது. முப்பது வருட அனுபவம் பின்னே எதற்கு இருக்கிறது?

ஆனி மாதம். ஆடிப் பட்டத்துக்கு எல்லோரும் மிளகாய் கேட்கிற நேரம். ஒருநாள் காலையில் திரையைத் திறந்தால் ஒரே பெயரில் ஐந்து ஆர்டர். நல்லுச்சாமி, நல்லுச்சாமி, நல்லுச்சாமி என்று ஐந்து. ஒரே ஊர். ஒரே போன் நம்பர். ஒரே ரகம். எட்டாயிரம் நாற்று, ஐந்திலும் எட்டாயிரம். ஒரே தேதி. பத்து நிமிடத்துக்குள் ஐந்தும் வந்திருந்தன. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு ஆள் நெட் கிடைக்காமல் பட்டனைக் குத்து குத்தென்று குத்தியிருக்கிறார். வெளியே விதை போட ஆட்கள் காத்திருந்தார்கள். டிக், அமுக்கு. டிக், அமுக்கு. நான்கு தடவை. ஒரு நல்லுச்சாமி மிச்சம்.

நாற்பது நாள் கழித்து வண்டி அந்த ஊருக்குப் போனது. டிரைவர் அங்கிருந்து போன் போட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இங்கே ஐந்து வயல் தயாராக இருக்கிறது, ஐந்து பேர் ஆள் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு லோடுதான் இருக்கிறது, என்ன சொல்ல என்றான்.

ஐந்து பேரும் பங்காளிகள். ஐந்து அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை விடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து மகன்களும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அப்பா பெயரைத்தான் விட்டிருக்கிறார்கள். ஊருக்குள் பெரியவீட்டு நல்லுச்சாமி, கிணத்தடி நல்லுச்சாமி, மில்லுக்காரன், ஒல்லி, மொட்டை என்று கூப்பிடுவார்கள். வெப்சைட்டில் யார் ஒல்லி என்று போடுவார்கள்? தாத்தா நிலத்தை ஐந்து பங்காகச் சமமாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் ஐந்து பேருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே எட்டாயிரம் நாற்று. கிணறு பொது, தண்ணீர் முறை ஒன்று, அதனால் நடவும் ஒரே நாள். ஐந்து பேரில் ஒருவர் வீட்டில் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். அந்தப் பிள்ளைதான் தன் போனில் ஐந்து பேருக்கும் உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கிறது. போன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மிளகாய் நாற்று கடையில் போய் வாங்குகிற பொருள் இல்லை. மறுபடி விதைத்தால் இன்னும் நாற்பது நாள். அதற்குள் பட்டம் போய்விடும். மற்ற பண்ணைகளிலும் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் முன்பே சொல்லி வைத்த நாற்று. பாரும் கட்டி, சொட்டுநீர்க் குழாயும் இழுத்துப் போட்ட நான்கு வயல் வெறுமையாக நின்றன. வந்த ஒரு லோடைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவர் வயலில் நட்டார்களாம். மற்ற நான்கு பேர் வந்து நடவுக்குக் கை கொடுத்தார்களாம். இதை டிரைவர் வந்து சொன்னான். நான்கு குடும்பத்துக்கு அந்த வருட மிளகாய் கிடையாது.

ஐந்து பேரும் அன்றைக்கே பண்ணைக்கு வந்துவிட்டார்கள். வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் என் வாயில் வந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டர்காரன் தப்புப் பண்ணிவிட்டான் என்றேன். அவர்களுக்கும் அவனைத் தெரியும், அந்த மன்னிப்புப் பக்கத்தைப் படித்தவர்கள்தான். நம்பியது போலத் தலையாட்டினார்கள். அவர்கள் போனதும் அவனை வரச் சொன்னேன்.

வந்தான். லேப்டாப்பைத் திறந்தான். ஒவ்வொன்றும் எப்போது நடந்தது, யார் செய்தது என்று அதில் பதிந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது. நான்கு வரி. நான்கிலும் காலை ஒன்பது மணி, நான்கிலும் என் பெயர். அவன் விரலால் காட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்தான், அவ்வளவுதான். மகள் பக்கத்தில் நின்று படித்தாள். வெளியே போய்விட்டாள்.

நான் வழியை யோசித்து வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒரு தப்பைத் தானாக எழுதிப் போடுகிறவன். இதுவும் ஒன்று. அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

“சரி, நடந்தது நடந்து போச்சு. நீ வழக்கமா எழுதுவீல்ல, அதுமாதிரி எழுதிப் போட்ரு. கம்ப்யூட்டர்ல கோளாறு, அஞ்சு ஆர்டரு ஒண்ணாயிருச்சு, தப்பு என்னுதுன்னு. அம்புட்டுத்தான்.”

கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

“அத எழுத முடியாதுங்கய்யா.”

“ஏன், இம்புட்டு நாளா எழுதலையா? படம் பெருசாப் போச்சுன்னு எழுதுனவன்தான நீ?”

“அது நான் செஞ்சது.”

“இத நீ செஞ்சதா எழுது. காசு வேணும்னா கேளு.”

“ஐயா, செய்யாததையும் செஞ்சேன்னு எழுதுனா, முன்னாடி எழுதுனது எல்லாமே பொய்யாப் போயிரும். அந்தப் பக்கத்த அவங்க நம்புறாங்க.”

என் பண்ணையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் காசில் ஓடுகிற பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று இவன் சொல்கிறான். வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவன் நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, “என் பங்கு ஒண்ணு இருக்கு, அத எழுதிர்றேன்” என்று என் முன்னாலேயே தட்டினான். ‘பேசினேன் என்று ஒரு டிக் போட்டால் போதும் என்று நினைத்து அந்தத் திரையைச் செய்தேன். பேசாமலேயே டிக் போட முடியும் என்பதை யோசித்திருக்க வேண்டும். இந்தப் பங்கு என்னுடையது.’ கீழே தன் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தான். “மிச்சத்த எழுத வேண்டியவரு நானில்லங்கய்யா. எப்ப எழுதுனாலும் சரி” என்றான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே வேறு ஆளைப் பிடித்தேன். சின்ன வயசுக்காரன், சுறுசுறுப்பு. ரெடிமேடாகக் கிடைப்பதை எடுத்து இரண்டு நாளில் பளபளவென்று புது வெப்சைட் போட்டுக் கொடுத்தான். தென்னிந்தியாவின் முதல்தரம் என்று நான் கேட்காமலேயே போட்டான். ‘என்ன நடந்தது’ பக்கத்தைத் தூக்கச் சொன்னேன், எதற்கு என்று கேட்காமல் தூக்கினான். அதில் அவ்வப்போது ஆர்டர் காணாமல் போகும். யாரப்பா காரணம் என்றால் சர்வர் என்பான். சர்வர் எங்கே இருக்கிறது என்றால் வெளிநாட்டில் என்பான்.

பழையவனை நான் சும்மா விடவில்லை. உழவர் கூட்டத்தில், கல்யாண வீட்டில், உரக்கடை பெஞ்சில், எங்கே பேச்சு வந்தாலும் சொன்னேன். அவனால் நான்கு குடும்பம் மோசம் போனது என்று சொன்னேன். ஒரு அரிசி ஆலைக்காரரும் ஒரு மண்டபக்காரரும் அவனிடமிருந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் எங்கேயும் வந்து மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். அவன் வாயே திறக்காதது என்னை இன்னும் ஏற்றிவிட்டது. திமிர் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் போனது. அடுத்த ஆனி மாதம், ஐந்து பேரில் மூத்தவர், பெரியவீட்டு நல்லுச்சாமி, நேரில் வந்தார். வெப்சைட் வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒரு தாளில் ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பட்டப்பெயரோடு எழுதிக் கொண்டுவந்திருந்தார். மறுபடி நம்மிடமே வந்துவிட்டார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். போன வருடம் அந்தப் பயலால் உங்களுக்கு வந்த கஷ்டத்தை நான் மறக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அந்தத் தம்பி மறுநாளே எங்க ஊருக்கு வந்துச்சுண்ணே.”

எனக்கு அது தெரியாது.

“அஞ்சு வீட்டுக்கும் வந்துச்சு. பேரு எப்புடி வந்துச்சு, தாத்தா யாரு, ஊருக்குள்ள எப்புடிக் கூப்புடுவாங்கன்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிருச்சு. கட்டத்த ஒழுங்காப் போடாதது என் தப்புன்னு வீட்டுக்கு வீடு சொன்னுச்சு. அப்ப பட்டன அமுக்குனது யாருப்பான்னு கேட்டோம். அத அமுக்குனவருதான் சொல்லணும்னுட்டுப் போயிருச்சு.”

நான் வெளியே குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு நாங்களும் ஒரு வருசமாப் பாத்தோம்ணே. உரக்கடையில நீங்க பேசுனப்ப நான் பின்னாடி பெஞ்சுலதான் இருந்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். எத்தனையோ கோபக்காரர்களைச் சமாளித்தவன் நான். என்ன நினைத்தேனோ தெரியாது, வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

“நாந்தான்யா அமுக்குனேன். போன் போடாமலே பேசுனேன்னு டிக் போட்டேன்.”

தலையாட்டினார். கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்து முடித்தார். ஆர்டர் தாளை மேஜையில் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அந்த நாலு வீட்டுலயும் வந்து சொல்லிருங்க.”

“நீயே சொல்லிரேன்பா. எல்லாம் ஒரே குடும்பம்தான.”

“அது எப்புடிண்ணே? அவங்க வேற, நான் வேற.”

போனேன். ஒரே நாளில் நான்கு வீடு. ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீடு ஒல்லி நல்லுச்சாமியுடையது. போன வருடம் வயல் வெறுமையாகக் கிடந்த நான்கு பேரில் ஒருவர். வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் தழையைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது சரிண்ணே. அப்ப அந்தத் தம்பியப் பத்தி ஊரெல்லாம் சொன்னது?”

இன்றைக்கும் எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்த மாட்டேன். ஆனால் அந்த வாசலில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன். ஒல்லி நல்லுச்சாமி கூப்பிடவும் இல்லை, தழையைக் கையில் எடுக்கவும் இல்லை.